நல்ல முட்டி

சலூன்காரரின் இடது முட்டி கெட்டுப்போய்விட்டது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவருக்கு இல்லை, அவர் மனைவிக்கு இல்லை, எக்ஸ்ரே எடுத்தவருக்கும் இல்லை. அதனால்தான் அதற்கு வைத்தியம் பார்க்க ஆள் கிடைக்காமல் போயிற்று.

முடி வெட்டுகிறவன் கையால் பிழைக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கால் போனால்தான் விஷயம் தெரியும். ஒரு தலையை முடிப்பதற்குள் நாற்காலியை எத்தனை முறை சுற்றி வர வேண்டியிருக்கிறது! முன்னால் நின்று நெற்றி, பின்னால் நின்று பிடரி, குனிந்து காதோரம், மறுபடி எழுந்து உச்சி. சலூன்காரரால் இப்போது பாதித் தலைக்கு மேல் நிற்க முடிவதில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் அவரே போய் உட்கார்ந்துகொள்வார். துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் தன்னுடைய பாதித் தலையையும், பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைப் பிடித்திருக்கும் மனிதரையும் மாறி மாறிப் பார்ப்பார். வங்கிக் காசாளர் ஒருவர் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, ஒரு பக்கக் கிருதாவோடு எழுந்து ஆபீசுக்குப் போய்விட்டார். அப்புறம் அவர் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டார். "கடையைத் தினமும் தொறக்கறதா இருந்தா வெச்சுக்க. முடியலைன்னா சாவியைக் குடுத்துடு. செல்போன் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

சலூன்காரருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அது நின்றுகொண்டு செய்கிற வேலை. முட்டியை மாற்றாவிட்டால் கடை போய்விடும், கடை போனால் அவரும் மனைவியும் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அதனால் அதைப்பற்றி வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே அவர் மூட்டு மாற்று உயர் நிலையத்துக்குப் போனார்.

நிலையத்தின் வாசலில் விளக்குப் போட்ட பலகை ஒன்று இருக்கிறது. 'எங்கள் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.' மீதமுள்ள அந்த ஒருவர் யாரென்று உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உள்ளே போனால் இரண்டு லிஃப்ட். இடது பக்கத்து லிஃப்ட், ஆபரேஷனைக் கையால்தான் செய்ய வேண்டும் என்கிற கட்சிக்கு. வலது பக்கத்து லிஃப்ட், ரோபோவால்தான் செய்ய வேண்டும் என்கிற கட்சிக்கு. ஒரு கட்சிக்காரர் இன்னொரு லிஃப்டில் ஏறினால் அன்றைக்குப் பூராவும் அதுதான் பேச்சு. வருஷத்துக்கு ஒரு முறை மேல்மாடி மண்டபத்தில் 'சர்ச்சை மாநாடு' நடக்கும். இரண்டு கட்சியும் மேடையேறி முழங்கும். முடிவு எதுவும் எட்டப்படாது. டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். மாநாட்டின் தலைவர் பல வருஷங்களாக அதே ஆள்தான். ஒரு சர்ச்சையைக்கூடத் தீர்த்து வைக்காதவர் என்கிற நற்பெயர் அவருக்கு இருந்தது.

சலூன்காரர் இடது லிஃப்டில் முதலில் ஏறினார். இடது முட்டிக்கு இடது லிஃப்ட் என்று நினைத்துவிட்டார் பாவம்.

அங்கே இருந்தவரைக் கைராசி டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் இடது முட்டியைப் பிடித்து ஒரு மடக்கு மடக்கினார். சலூன்காரர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"இது ரொம்பக் கெட்டுப்போச்சே" என்றார் டாக்டர்.

"ஆமாங்க டாக்டர். அதான் வந்தேன்."

"இவ்வளவு கெட்டதை எல்லாம் நாங்க மாத்தறதில்லைங்க."

காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தார் சலூன்காரர். "கெட்ட முட்டியைத்தானே டாக்டர் மாத்துவாங்க?"

டாக்டர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "அது அந்தக் காலத்து வைத்தியம். அப்ப யாரும் கணக்குப் பார்க்கலை. வலின்னு வந்தான், மாத்தி விட்டோம். சில பேர் ஓடினான், சில பேர் நம்மளத் திட்டிக்கிட்டே நடந்தான். இப்ப ஒவ்வொரு டாக்டருக்கும் மார்க் போட்டு வரிசையா நிக்க வைக்கறாங்க. உங்க முட்டியை நான் தொட்டு, நாளைக்கு நீங்க கொஞ்சம் நொண்டினா, யார் மானம் போகும்? உங்களுது போகாது, ஏற்கெனவே நொண்டறீங்க. என் மானம்தான் போகும். எனக்குக் கைராசின்னு பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? கண்ட முட்டியிலயும் கை வைக்காததால வந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். சலூன்காரர் வேட்டியை இரண்டு முட்டிக்கும் மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கண் வலது பக்கம் போயிற்று.

"இது யாரோடது?"

"அதுவும் என்னுதுதாங்க."

டாக்டர் குனிந்தார். தொட்டார், மடக்கினார், நீட்டினார். எங்கேயும் ஒரு சத்தம் இல்லை, ஒரு தடை இல்லை. அவர் முகம் கனிந்துபோயிற்று. கதவைத் திறந்து சின்ன டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டார். வரிசையில் வந்து ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்தார்கள். "மாத்தினா இப்படிப்பட்ட முட்டியை மாத்தணும்" என்றார் ஒருவர். ஒரு பெண் டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சலூன்காரர் இறங்கி வந்து வலது லிஃப்டில் ஏறினார்.

ரோபோ இருந்த அறை ஜில்லென்று இருந்தது. நோயாளிகள் இருந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு ஓரத்துக்கு மட்டும். ரோபோ டாக்டர் இளைஞர், வாய் ஓயாதவர்.

"கைங்கறது என்னங்க? நடுங்கும், வேர்க்கும். காலைல வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தா, அது சாயங்காலம் வரைக்கும் பேஷண்ட்டோட எலும்புல தெரியும். இதுக்கு வீடே கிடையாது. இன்னிக்கு வரைக்கும் இது ஒரு முட்டியிலகூடத் தோத்ததில்லை."

"அப்ப எல்லாருக்கும் சரியாயிடுதுங்களா?"

"சரியாகாதுன்னு தோணறவங்களை இது முன்னாடியே வேண்டாம்னு சொல்லிடும். அதுதான் இதோட மூளை."

ரோபோவின் கண் இடது முட்டியின் மேல் ஊர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்து, ஏதோ அழுவது மாதிரி ஒரு ஒலி வந்தது. வலது முட்டிக்கு நகர்ந்தது. பச்சை விளக்கு. கூடவே ஒரு சின்ன இசை. ரோபோவை இயக்குகிற பையன்கள் கை தட்டினார்கள். இந்த இசை அதற்குள் இருப்பதே தங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றார்கள்.

"டாக்டர், வலிக்கிறது இடது பக்கம்" என்றார் சலூன்காரர்.

"வலியை விடுங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்கணும் நீங்க. எல்லாரும் பண்ற தப்பே இதுதான், வலிச்சப்புறம் வர்றது."

காலில் விழுந்து கேட்கலாம் என்று தோன்றியது. விழுவதற்கும் முட்டி மடங்க வேண்டுமே. நின்றபடியே கும்பிட்டுவிட்டு வந்தார்.

கூட வந்திருந்த மனைவி கீழே காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேரே முடிவுத் துறைக்கு அழைத்துப் போனாள். வாசலில் யாரோ சொன்னார்களாம், இங்கே எந்தக் காரியமும் ஆக வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று. நிலையத்திலேயே பெரிய துறை அதுதான். ஆபரேஷன் செய்கிறவர்களைவிட ஆபரேஷனின் மார்க்கைக் கவனிக்கிறவர்கள் அதிகம். அதன் அதிகாரி ஒரு நடுவயது அம்மாள், தேனாகப் பேசுவார்.

"நீங்க கவலைப்படாதீங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். "எங்க மார்க் கணக்குல ஒருத்தரோட முதல் ஆபரேஷன் மட்டும்தான் சேரும். அது வெற்றின்னா அவர் எங்க குடும்பத்துல ஒருத்தர் ஆயிடறார். குடும்பத்துல ஒருத்தருக்கு ரெண்டாவது முட்டி எப்படி வேணும்னாலும் மாத்தலாம், அது கணக்குல வராது. புரியுதா?"

"புரியலைங்க" என்றாள் மனைவி.

"முதல்ல நல்ல முட்டியை மாத்திடுவோம். கண்டிப்பா வெற்றி. அப்புறம் கெட்டதை எந்தத் தடையும் இல்லாம மாத்திக்கலாம்."

மனைவி கணவரின் வலது முட்டியை ஒரு முறை பார்த்தாள்.

"ஒரு நிபந்தனை மட்டும்" என்றார் அம்மாள் அதே தேன் குரலில். "வெற்றின்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததைவிட வலி கூடியிருக்கக் கூடாது. வலது முட்டியில இப்ப எவ்வளவு வலி?"

"சுத்தமா இல்லைங்க."

"அப்ப பின்னாடியும் சுத்தமா வலி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பஸ் நிறுத்தத்தில் மனைவி வெடித்தாள். "ஏங்க, இவங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, உங்களுக்குமா? நல்லா இருக்கற காலை யாராவது வெட்டக் குடுப்பாங்களா?"

"நான் என்ன ஆசைப்பட்டா குடுக்கறேன்?"

"பின்ன?"

"வேற ஒரு வழி சொல்லு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, நாளைக்கே இந்தப் பக்கம் வராம இருக்கேன்."

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒரு பஸ் வந்தது. படி உயரமாக இருந்ததால் அவரால் ஏற முடியவில்லை. அடுத்த பஸ்ஸின் படியும் உயரமாகத்தான் இருந்தது. மூன்றாவது பஸ்ஸில் நடத்துனர் இறங்கி, அவரை அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல முட்டியைக் கொடுப்பது என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். வலது முட்டியை யார் மாற்றுவது? இப்பேர்ப்பட்ட முட்டியை விட்டுக்கொடுக்க இரண்டு கட்சிக்கும் மனம் வரவில்லை. சலூன்காரரை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, நெஞ்சுக்கு நேரே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிய பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை. அவருக்குக் கால்தான் மரத்திருந்தது. காது நன்றாகக் கேட்டது.

"முதல் வெட்டு என் கைதான் போடும்" என்றது ஒரு குரல்.

"அப்ப மார்க் உங்களுக்குப் போயிடும். அதெல்லாம் முடியாது."

"புது முட்டியைச் சிமென்ட் வெச்சுத்தான் ஒட்டணும்."

"சிமென்ட்டா? எந்தக் காலத்துல இருக்கீங்க? எலும்பே தானாப் பிடிச்சுக்கும்."

"எப்பப் பிடிக்கும்? இவர் போனப்புறமா?"

திரைக்கு இந்தப் பக்கம் இருந்து சலூன்காரர், "சார், நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "நல்லது, அப்படியே இருங்க" என்றது ஒரு குரல். கடைசியில் ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். அது தரையில் விழுந்து உருண்டு எங்கோ போனது. நர்ஸ் ஒருத்தி அதைத் தேடி மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். ரோபோ கட்சிக்கு விழுந்திருந்தது. ரோபோ பாதி வெட்டியதும் நின்றுவிட்டது. புதிய மென்பொருள் இறங்குகிறது, யாரும் தொட வேண்டாம் என்று பெண் குரலில் அது சொன்னது. தொடாமல் இருந்தார்கள். பிறகு பொறுக்காமல் கைராசி டாக்டர் உள்ளே பாய்ந்து மீதியை முடித்தார். வெற்றி தங்களுடையதே என்று இரண்டு லிஃப்டிலும் அன்று சாயங்காலம் இனிப்பு கொடுத்தார்கள்.

சலூன்காரரின் வலது முட்டி வாழ்க்கையில் முதல் தடவையாக வலித்தது.

சாதாரண வலி இல்லை. அதோடு, வலது கால் தேறும் வரை உடம்பின் பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டு நடக்கச் சொன்னார் பயிற்சி கொடுக்க வந்தவர். "இடது காலை நம்புங்க சார்" என்றார். அந்தக் காலை நம்ப முடியாமல்தானே இவ்வளவும். சலூன்காரர் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுவரில் அவர் கை வைத்த இடமெல்லாம் அழுக்குத் தடம் விழுந்து, ஒரு கோடாகவே ஆகிவிட்டது. கடை மூடிக் கிடந்தது. கட்டடக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, அவர் படுத்திருக்கிற கோலத்தைப் பார்த்து, சாவியைக் கேட்காமலே திரும்பிப் போனார்.

முடிவுத் துறை அம்மாள் போனில் விசாரிப்பார். "வலது முட்டியில வலி இருக்கா?"

"இல்லைங்க" என்பார் சலூன்காரர், தலையணையைக் கடித்துக்கொண்டு.

"ரொம்ப சந்தோஷம்."

போனை வைத்ததும் மனைவி கேட்பாள். "எத்தனை நாளைக்குங்க இந்தப் பொய்?"

"இடது முட்டியை மாத்தற வரைக்கும். அவங்க வெற்றின்னு அறிவிக்கணும். அறிவிச்சுட்டாங்கன்னா அப்புறம் உண்மையைச் சொல்லிக்கலாம். எனக்கு ஒரு காலாவது வேணும், அது எந்தக் காலா இருந்தா என்ன?"

அறிவிப்பதற்கு மாநாட்டு மேடையைவிட நல்ல இடம் எது? சலூன்காரரை மேடைக்கு அழைத்தார்கள். மேடையேறும் முன் ஒரு அறைக்குள் கூட்டிப்போய் இரண்டு முட்டியிலும் ஊசி போட்டார்கள். "இது எதுக்குங்க?" என்றார். "மேடைக்கு" என்றார்கள். சிறிது நேரத்தில் இரண்டு காலும் அவருடையவையே இல்லை என்பது மாதிரி ஆகிவிட்டன. வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர் மடமடவென்று படியேறி மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மண்டபம் அதிர்ந்தது. இப்படி நடந்தால் ஒரு நாளைக்கு எத்தனை தலை வெட்டலாம் என்று அந்த நிமிஷத்திலும் அவர் மனம் ஓடியது. கடைசி வரிசையில் மனைவி கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "அன்பர்களே! இந்த மன்றத்தின் வரலாற்றில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. ஆபரேஷனுக்கு முன் வலி இல்லை, பின்னும் வலி இல்லை. வந்தபோது எப்படி வந்தாரோ அப்படியே அனுப்புகிறோம்! இதைவிட ஒரு மருத்துவம் என்ன சாதிக்க முடியும்?" பிறகு சலூன்காரரின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. உங்க உடம்புல எங்கயாவது வலி இருக்கா?"

முடிவுத் துறை அம்மாள் முன்வரிசையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றார் சலூன்காரர்.

கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்து, கைகளைக் குவித்துக்கொண்டு சொன்னார். "ஐயா, வெற்றின்னு சொல்லிட்டீங்க. இப்ப நான் உங்க குடும்பம். என் இடது முட்டியை மாத்திக் குடுத்துடுங்க. கடை மூடிக் கிடக்கு."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கைராசி டாக்டர் எழுந்தார். "உடம்புல எங்கயும் வலி இல்லைன்னு இப்பத்தான் சொன்னார். வலியே இல்லாத முட்டியை மாத்தறது தர்மமா?"

ரோபோ டாக்டரும் எழுந்தார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "நானும் பெரிய டாக்டர் சொல்றதைத்தான் சொல்றேன்" என்றார்.

இப்படி ஒன்று நடந்ததே இல்லை. தலைவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். "இவருக்கு இடது முட்டியை மாற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம்."

ஒரு கைகூட எழவில்லை.

"வலிக்குதுங்க!" என்று கத்தினார் சலூன்காரர். "ஐயா, வலிக்குது! ரெண்டும் வலிக்குது! இப்ப ஊசியாலதான் நடக்கறேன்!"

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "வலது முட்டியும் வலிக்குதா? அப்படின்னா முதல் ஆபரேஷன் தோல்வி. நீங்க எங்க குடும்பம் இல்லை. வலது வலிக்கலை, இடதுதான் வலிக்குதுன்னா, ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி இந்தச் சபையில பொய் சொல்லியிருக்கீங்க. வலியைப் பத்திப் பொய் சொல்றவருக்கு எதை நம்பி ஆபரேஷன் பண்றது? நீங்க எதுன்னு சொல்றீங்களோ, நாங்க அதை ஏத்துக்கறோம்."

சலூன்காரரின் வாய் திறந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அன்பர்களே, ஒருமனதாக முடிவு எட்டப்பட்டது. முதல் முறையாக இந்த மாநாட்டில் ஒரு சர்ச்சை தீர்ந்திருக்கிறது." எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கைராசி டாக்டரும் ரோபோ டாக்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர் ஓடி வந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஊசியின் வேகம் குறையத் தொடங்கியது. முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம், யாரோ ஆணி அடிப்பது போல. சலூன்காரர் மெல்ல மேடையின் ஓரத்துக்கு வந்தார். மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து படிகளுக்குக் கீழே கையை நீட்டியபடி நின்றாள். மேடைப் படியில் நின்ற ஊழியன் நல்ல பிள்ளை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "பார்த்து இறங்குங்க. படி இறங்கறப்ப எப்பவும் வலிக்கிற காலைத்தான் முதல்ல கீழ வைக்கணும்."

சலூன்காரர் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தார்.

"ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாதே, தம்பி" என்றார்.